கண் எவ்வளவு ஒலியைத் தாங்கும்?

புரை முற்றி வெள்ளைவெளேரென்று ஆகிவிட்ட கண்ணுக்குள் டாக்டரால் எட்டிப் பார்க்க முடியாது. எவ்வளவு வெளிச்சம் பாய்ச்சினாலும் அது புரையோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா, கழன்று தொங்குகிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா, கட்டி ஏதும் வளர்ந்திருக்கிறதா என்று தெரியாமல் அறுவைசிகிச்சைக்குத் தேதி குறிக்க முடியாது. அப்போதுதான் ‘பி-ஸ்கேன்’ என்று சீட்டில் எழுதுகிறார்கள். மூடிய இமைமேல் ஜெல் தடவி, தடித்த பேனா போன்ற ஒரு புரோபை வைத்து, மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று சொல்லிச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள்.

கூட வந்தவர்கள் அநேகமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: எக்ஸ்ரே மாதிரி கதிர் ஏதும் கண்ணில் படுமா? படாது. இது வெறும் ஒலி. மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வு என்றால், கண் ஸ்கேனில் அது ஒரு கோடி, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்து மரபுப் பொருளைச் சிதைக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு அது போதாது. கதிர் இல்லை என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. கண் ஸ்கேன் பாதுகாப்பானது என்று தைரியமாகச் சொல்லலாம், நானும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒலியின் குணத்திலிருந்து வரவில்லை. இவ்வளவுதான் அனுப்பலாம் என்று மனிதர்கள் வரம்பு கட்டியதால் வந்தது. வரம்பை மறந்தால் பாதுகாப்பும் போய்விடும்.

ஒலியின் வலுவை மனிதன் முதலில் தெரிந்துகொண்டதே ஓர் உயிர்ச்சேதத்தில்தான். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க வழி தேடிய பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சவின், துலோன் கடற்படைத் தளத்தில் குவார்ட்ஸ் படிகங்களை அதிரவைத்து, காதுக்கு எட்டாத ஒலியான மீயொலியை, அதாவது அல்ட்ராசவுண்டை, தண்ணீருக்குள் அனுப்பினார். ஒலிமூலத்தின் அருகே வந்த மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீருக்குள் கையை விட்டவர்களுக்கு வலித்தது. 1927இல் அமெரிக்காவில் ராபர்ட் வுட், ஆல்ஃபிரட் லூமிஸ் இருவரும் இதையே ஆராய்ச்சியாக எடுத்துச் செய்தார்கள். சிறு மீன்களும் தவளைகளும் மடிந்தன. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தன. 1952இல் லவைன் என்பவரும் அவருடைய குழுவினரும் விலங்குகளின் கண்ணில் மீயொலியைக் குவித்துச் செலுத்திப் பார்த்தபோது, தெளிவாக இருந்த லென்ஸ் மங்கியது. புரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டும் ஒலி, அளவு மீறினால் புரையையே உண்டாக்கும்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் கண் ஸ்கேன் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1956இல் ஹென்றி மண்ட், வில்லியம் ஹியூஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், கண்ணுக்குள் இருக்கும் கட்டியை எதிரொலியால் கண்டறியலாம் என்று காட்டினார்கள். திரையில் மேடுபள்ளமாக ஒரு கோடு மட்டும் தெரியும் ஏ-ஸ்கேன் அது. இரண்டு ஆண்டுகளில் கில்பர்ட் பாம், ஐவன் கிரீன்வுட் இருவரும் கண்ணின் குறுக்குவெட்டையே படமாகக் காட்டும் பி-ஸ்கேனைச் செய்தார்கள். அந்தக் காலத்தில் கண்ணுக்கு முன்னால் தண்ணீரைத் தேக்கி வைத்து அதன் வழியாகத்தான் ஒலியை அனுப்ப வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் நத்தானியேல் பிரான்சன் கையில் பிடித்து இமைமேல் வைக்கும் புரோபைக் கொண்டுவந்த பிறகுதான் இது சாதாரண கண் மருத்துவமனைக்குள் நுழைந்தது.

கருவியின் வேலை எளியது. ஒரு துணுக்கு ஒலியை அனுப்பிவிட்டுக் காது கொடுத்துக் காத்திருக்கும். கருவிழியின் முன்பக்கத்திலிருந்து விழித்திரை வரை ஒரு சராசரிக் கண்ணின் நீளம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர். ஒலி கண்ணுக்குள் நொடிக்கு ஏறக்குறைய 1,550 மீட்டர் வேகத்தில் போகிறது. போய்த் திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் முப்பது பங்கு போதும். ஒலித்துணுக்கின் நீளமோ அதைவிட மிகமிகக் குறைவு. அடுத்த துணுக்கை அனுப்பும்வரை கருவி சும்மா இருக்கும். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், புரோப் கண்மேல் இருக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உண்மையில் ஒலி வெளியே வருகிறது. மீதி நேரமெல்லாம் கேட்பதுதான் வேலை. லாஞ்சவினின் மீன்களுக்கும் நம் கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் இருக்கிறது.

மீயொலி உடலை இரண்டு வழிகளில் பாதிக்கலாம். ஒன்று, வெப்பம்: திசு ஒலியை உறிஞ்சும்போது சூடாகிறது. மற்றொன்று, குமிழி: ஒலியலையின் இழுவிசையில் நுண்ணிய வாயுக்குமிழிகள் ஊதிச் சுருங்கி, சில சமயம் வெடித்து, பக்கத்திலுள்ள செல்களைக் கிழிக்கும். இரண்டாவது வழி நுரையீரல், குடல் போன்று இயல்பிலேயே காற்று இருக்கும் இடங்களில்தான் அதிகம் கவலைக்குரியது. கண்ணுக்குள் சாதாரணமாகக் காற்று கிடையாது. ஆகவே கண்ணைப் பொறுத்தவரை முதன்மையான கவலை வெப்பம்தான்.

வெப்ப விஷயத்தில் உடலின் மற்ற உறுப்புகளுக்கு வாய்த்த வசதி கண்ணுக்கு இல்லை. கல்லீரலிலோ தசையிலோ ஓரிடம் சூடானால், ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். லென்ஸில் ரத்தக்குழாயே கிடையாது. கருவிழியிலும் கிடையாது. ரத்தக்குழாய் இருந்தால் ஒளி தடைபடும் என்பதால் இயற்கை அதை விலக்கி வைத்திருக்கிறது. பார்வைக்காகக் கொடுத்த விலை அது. போதாக்குறைக்கு, புரதம் செறிந்த லென்ஸ், தன்னைச் சுற்றியுள்ள நீர்மங்களைவிட ஒலியை மிக அதிகமாக உறிஞ்சும். சூட்டை நிறைய வாங்கி, மெதுவாக விடும் ஒரு பொருளை நம் ஒலிக்கற்றையின் பாதையிலேயே வைத்திருக்கிறோம். லென்ஸின் புரதம் ஒருமுறை உருக்குலைந்து மங்கினால் திரும்பத் தெளியாது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தபின் பழையபடி ஆகுமா?

எனவேதான் கண்ணுக்கென்று தனி வரம்பு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. வகுத்த எண்களைத்தான் பெரும்பாலான கருவித் தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் சராசரியாக எத்தனை மில்லிவாட் ஒலியாற்றல் விழலாம் என்பது கணக்கு. கை, கால் ரத்தக்குழாய்களைப் பார்க்க 720. இதயத்துக்கு 430. கருவிலிருக்கும் குழந்தைக்கு 94. கண்ணுக்கு 17 மட்டுமே.

இந்த எண்களின் பிறப்பு பலருக்கு வியப்பளிக்கும். இத்தனை மில்லிவாட்டில் லென்ஸ் கெடுகிறது, ஆகவே அதில் பத்தில் ஒரு பங்கை அனுமதிப்போம் என்று சோதித்து வகுத்தவை அல்ல இவை. 1976 மே 28 அன்று அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கான சட்டத்திருத்தம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பே விற்பனையில் இருந்த கருவிகள் எவ்வளவு ஒலி வெளியிட்டன என்று பார்த்து, அதையே உச்ச வரம்பாக வைத்தார்கள். அவ்வளவுதான். அன்றைய கண் ஸ்கேன் கருவிகள் மெல்லிய ஒலியிலேயே வேலை பார்த்ததால் கண்ணுக்குக் கடுமையான வரம்பு வாய்த்தது. பல ஆண்டுகள் பயன்படுத்தியும் தீங்கு காணப்படாத அளவு என்பதே அதன் அடிப்படை. தீங்கு தொடங்கும் இடம் எது என்பதை அது சொல்வதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதர்களின் கண்ணை வைத்துத் தீங்கின் எல்லையைத் தேடும் சோதனையை யாரும் செய்ய முடியாது; செய்யவும் கூடாது. ஆனால் 17ஐத் தாண்டினால் உடனே பார்வை போய்விடும் என்றோ, 17க்குள் இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்றோ எண்ணுவது இரண்டுமே தவறு என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

1990களில் இன்னொரு மாற்றம் வந்தது. எவ்வளவு ஒலி வெளியாகிறது என்பதைத் திரையிலேயே காட்டும் கருவிகளுக்கு மொத்த வரம்பை 720ஆக உயர்த்தினார்கள். கருவிலிருக்கும் குழந்தைக்கும் அதே 720தான். கண்ணை மட்டும் அந்தப் பொது உயர்விலிருந்து ஒதுக்கி, 50 மில்லிவாட்டோடு நிறுத்தினார்கள். திரையில் தெரியும் அந்த எண்கள் இரண்டு. டி.ஐ. என்பது வெப்பக் குறியீடு. அது 1 என்றால், கணக்கீட்டின்படி திசு 1 டிகிரி செல்சியஸ் சூடாகக்கூடிய அளவு ஆற்றல் போகிறது என்று பொருள். எம்.ஐ. என்பது குமிழி முதலான இயந்திர விளைவுகளின் குறியீடு. ஒலியலையின் இழுவிசை அழுத்தத்தை அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறுவது. மற்ற உறுப்புகளுக்கு எம்.ஐ. 1.9 வரை போகலாம். கண்ணுக்கு 0.23ஐத் தாண்டக்கூடாது. டி.ஐ. 1ஐத் தாண்டக்கூடாது. பிரிட்டிஷ் மருத்துவ மீயொலிச் சங்கமும் டி.ஐ. 1க்கு மேல் போனால் கண்ணை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பலாமா? இங்கே கொஞ்சம் உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஒலி திசுவுக்குள் போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும். எவ்வளவு தேயும் என்பதற்கு எல்லாக் கருவிகளும் ஒரே சராசரியை வைத்துக் கணக்கிடுகின்றன: ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு 0.3 டெசிபெல். மென்மையான தசை போன்ற திசுக்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. 10 மெகாஹெர்ட்ஸில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போனால் 6 டெசிபெல் குறையும், அதாவது நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று கருவி நினைத்துக்கொள்ளும். ஆனால் கண்ணின் பெரும்பகுதி தண்ணீர் போன்ற நீர்மமும் தெளிந்த கூழும்தான். அவற்றில் ஒலி அநேகமாகத் தேய்வதே இல்லை. லென்ஸைத் தவிர்த்துப் பக்கவாட்டில் நுழையும் கற்றை, கருவி கணக்கிட்டதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வலுவோடு விழித்திரையை எட்டலாம். டி.ஐ.யிலும் இதே சங்கடம்தான். மென்திசுவுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, மண்டையோட்டு எலும்புக்கு ஒன்று என்று மூன்று வகைகள் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கென்று ஒன்று இல்லை. ரத்த ஓட்டமில்லாத லென்ஸை மனதில் வைத்து ஒரு குறியீட்டை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது வரும்வரை, திரையில் காட்டும் எண்ணை வரம்புக்கு நன்றாகக் கீழேயே வைத்திருப்பதுதான் விவேகம்.

கண் மருத்துவமனையில் இருக்கும் ஏ-ஸ்கேன், பி-ஸ்கேன் கருவிகளைப் பற்றி நோயாளி கவலைப்பட வேண்டியதில்லை. அவை கண்ணுக்காகவே பிறந்தவை. வரம்பைத் தாண்ட நினைத்தாலும் தாண்ட முடியாதபடி அமைந்தவை. என் அக்கறையெல்லாம் வேறொரு இடத்தைப் பற்றியது. கடந்த இருபது ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் கருவி அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வந்துவிட்டது. விபத்தில் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவரின் மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க, கண் ஒரு ஜன்னல். பார்வை நரம்பைச் சுற்றியிருக்கும் உறை மூளையின் உறையோடு தொடர்ச்சியானது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் இதுவும் வீங்கும். விழிக்கோளத்துக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் உறையின் அகலத்தை அளந்து, 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கையாகிறார்கள். மண்டையில் துளை போடாமலே கிடைக்கும் தகவல் இது. விழித்திரை கழன்றிருப்பதையும் இதே கருவியால் அங்கேயே கண்டுகொள்ளலாம். நல்ல மருத்துவம்தான், சந்தேகமில்லை.

ஆனால் அங்கே இருக்கும் கருவி கண்ணுக்காகப் பிறந்தது அல்ல. காலையில் காலில் ரத்தக்கட்டு பார்த்த அதே புரோப்தான் மதியம் இமைமேல் வருகிறது. எந்த உறுப்பு என்று திரையில் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர் ப்ரீசெட். ‘வாஸ்குலர்’ என்ற ப்ரீசெட்டில் இருக்கும்போது கருவி 720 வரை போகத் தயாராக இருக்கும். ‘ஆப்தால்மிக்’ என்று மாற்றினால்தான் 50க்குள் அடங்கும். கருவிக்குத் தான் தொடுவது தொடையா இமையா என்று தெரியாது. முன்பு கருவிக்குள்ளேயே கட்டிவைத்திருந்த பாதுகாப்பு, இப்போது ஒரு விரல் எந்தப் பொத்தானை அழுத்துகிறது என்பதில் வந்து நிற்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், முயல்களின் கண்ணில் இருவகைக் கருவிகளையும் ஒப்பிட்டார்கள். கண்ணுக்கு அனுமதிக்கப்படாத புரோப் கண்குழிக்குள் வெப்பநிலையை உயர்த்தியது. வெப்பம் ஏறுவதும் காயமும் ஒன்றல்லதான். என்றாலும் தவிர்க்க ஒரு பொத்தான் போதும் என்னும்போது, அந்தச் சூட்டைக் கொடுப்பதற்கு நியாயமே இல்லை.

டாப்ளரில் கூடுதல் கவனம் தேவை. சாதாரணப் படத்தில் ஒலிக்கற்றை இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் பல்ஸ்டு டாப்ளரிலோ கற்றை ஒரே கோட்டில் நின்றபடி, நீண்ட துணுக்குகளை அடிக்கடி அனுப்பும். இஸ்திரிப் பெட்டியை நகர்த்தித் தேய்ப்பதற்கும் துணிமேல் அப்படியே வைத்துவிடுவதற்கும் உள்ள வேறுபாடுதான். மூளை ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் கருவியைக் கண்குழி வழியாகவும் வைப்பதுண்டு. மண்டையெலும்பைத் துளைக்கத் தேவைப்படும் வலுவோடு அதைக் கண்மேல் வைக்கவே கூடாது. முதலில் குறைத்துவிட்டுத்தான் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் செய்தபின், பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் படத்தை உறையவைத்துவிட்டு, உறைந்த படத்தில் நிதானமாக அளந்துகொள்ளலாம். உறைந்தபின் ஒலி போவதில்லை. புரோபின் முகமே சூடாவதையும் அது தடுக்கும். உடலைத் தொடும் புரோப் முகம் 43 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச விதி. இமைத்தோலுக்கு 43 டிகிரி என்பது நல்ல சூடு.

இங்கே ஒரு குழப்பத்தையும் விலக்கிவிட வேண்டும். புரை அறுவைசிகிச்சையில் ‘பேகோ’ செய்கிறோம் என்று சொல்லும்போது அதுவும் அல்ட்ராசவுண்ட்தான் என்று கேள்விப்பட்டவர்கள், புரையைத் தூளாக்கும் கருவியா ஸ்கேனிலும் வருகிறது என்று பயப்படுவதுண்டு. 1967இல் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் அழுக்குப் படிவை உதிர்க்கும் கருவியைப் பார்த்து உருவாக்கியது பேகோ. நொடிக்கு ஏறக்குறைய 40,000 முறை அதிரும் உலோக ஊசி கண்ணுக்குள்ளேயே போய் லென்ஸைத் தொட்டு உடைக்கிறது. ஸ்கேனில் எதுவும் உள்ளே போவதில்லை. குளுக்கோமாவுக்கு மீயொலியைக் குவித்துச் சுடும் சிகிச்சையும் உண்டு. அதை வளர்த்தெடுத்த ஜாக்சன் கோல்மன், ஃபிரடெரிக் லிஸ்ஸி குழுவினர்தான், எவ்வளவு ஒலியில் எவ்வளவு சூடாகும் என்ற கணிதத்தையும் கண்ணுக்குப் போட்டுப் பார்த்தவர்கள். தீங்கின் அளவை அறிந்தவர்களால்தான் அதை மருந்தாகவும் மாற்ற முடிந்தது.

நடைமுறையில் கண் ஸ்கேனால் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்தால், ஒலியைவிடக் கைதான் அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு. கம்பி குத்தி, பட்டாசு வெடித்து விழிக்கோளம் கிழிந்திருக்கும் சந்தேகம் இருந்தால், புரோபின் லேசான அழுத்தமே உள்ளிருப்பதை வெளியே தள்ளிவிடலாம். அப்படிப்பட்ட கண்ணில் ஸ்கேனைத் தவிர்ப்பதோ, தேர்ந்தவர் ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, புரோப் இமையில் படாமல் ஜெல்லின் மேல் மிதக்கவிட்டுப் பார்ப்பதோதான் சரி. புரை அறுவைசிகிச்சையில் பொருத்தும் லென்ஸின் பவர் பார்க்க ஏ-ஸ்கேன் எடுக்கும்போதும் கருவிழியை அழுத்தினால் கண் குட்டையாகத் தெரியும். 1 மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் பவர் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் மாறிவிடும். இன்னொன்று கிருமி. ஜெல்லும் புரோபும் ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்கு மெட்ராஸ் ஐயைக் கொண்டுபோகும். கிருமி நீக்கியதே கண்ணுக்குத் தகுந்த ஜெல். புரோபைத் துடைத்த ரசாயனமும் காயாமல் இருந்தால் கருவிழியைப் புண்ணாக்கும்.

இவ்வளவு எச்சரிக்கையையும் படித்துவிட்டு ஒருவர் ஸ்கேனே வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் எழுதியதெல்லாம் வீண். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய் சிறு குழந்தைகளுக்கு வருவது. கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னுகிறது என்று தாய் முதலில் கவனிப்பாள். பி-ஸ்கேனில் அந்தக் கட்டிக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துணுக்குகள் பளிச்சென்று தெரியும். சி.டி. ஸ்கேனிலும் தெரியும்தான், ஆனால் இந்த நோய் பரம்பரையாக வந்த குழந்தையின் உடலெங்கும் மரபணுவில் ஏற்கெனவே ஒரு பழுது இருக்கிறது. கதிர் பட்டால் பிற்காலத்தில் வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அதனால்தான் அங்கே சி.டி.யை விலக்கி அல்ட்ராசவுண்டையும் எம்.ஆர்.ஐ.யையும் நாடுகிறார்கள். சிகிச்சையின்போது திரும்பத் திரும்பப் பார்க்கவும் பி-ஸ்கேன் கைகொடுக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் விண்வெளி வீரர்கள் தங்கள் கண்ணைத் தாங்களே ஸ்கேன் செய்துகொள்கிறார்கள். தரையிலிருக்கும் நிபுணர் வழிசொல்ல, 2005 வாக்கில் லீரோய் சியாவும் சாலிஜான் ஷரிபோவும் அதைச் செய்துகாட்டினார்கள்.

ஒரே ஒரு அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து எல்லா உறுப்பையும் பார்க்கும் ஊர்ப்புற மருத்துவமனைகளும் நம்மிடம் உண்டு. அங்கே இருப்பவர்கள் கருவியோடு வந்த கையேட்டைத் திறந்து, எந்தப் புரோபுக்குக் கண் அனுமதி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து, அதைப் புரோபின் மேலேயே எழுதி ஒட்டிவிடலாம். ஆப்தால்மிக் ப்ரீசெட் இல்லாத கருவியில் கண்ணைப் பார்த்தே தீரவேண்டிய அவசரம் வந்தால், டாப்ளரை அணைத்து, எம்.ஐ. 0.23க்குள்ளும் டி.ஐ. 1க்குள்ளும் இறங்கும்வரை பவரைக் குறைத்துவிட்டு, அதன்பின் புரோபை எடுத்து இமைமேல் வைக்கலாம்.